பாலசுந்தரத்தின் வக்கீல்



வகுப்பில் ஆசிரியர் கேள்வி கேட்கிறார். விடை உங்களுக்கு நன்றாகத் தெரியும். ஆனால், எழுந்து நின்றதும் நாக்கு ஒட்டிக்கொள்கிறது, கால் நடுங்குகிறது. இப்படி உங்களுக்கு நேர்ந்ததுண்டா? பல வருடம் பாடம் நடத்திய எனக்கு, அப்படி நின்ற பிள்ளைகளின் முகம் இன்றும் நினைவிருக்கிறது.

பம்பாய் நீதிமன்றம் ஒன்றில் ஓர் இளம் வக்கீலும் அப்படித்தான் நின்றார். லண்டனில் படித்து, 1891-ம் ஆண்டு பாரிஸ்டர் ஆனவர் அவர். அதுதான் அவருடைய முதல் வழக்கு. சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய எழுந்தார். தலை சுற்றியது. ஒரு கேள்விகூட வாயில் வரவில்லை. அப்படியே உட்கார்ந்துவிட்டார். வேறு வக்கீலை வைத்துக்கொள்ளும்படி சொல்லி, வாங்கிய 30 ரூபாயைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியேறினார்.

அவர் யார் தெரியுமா? 1869-ம் ஆண்டு அக்டோபர் 2-ந்தேதி போர்பந்தரில் பிறந்த மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி. நம் காந்தித் தாத்தாவேதான்!

இந்தியாவில் தொழில் சரியாக அமையவில்லை. 1893-ல் தாதா அப்துல்லா என்ற வியாபாரியின் வழக்கில் உதவுவதற்காகத் தென்னாப்பிரிக்கா சென்றார். டர்பன் நகர நீதிமன்றத்தில் மாஜிஸ்திரேட் அவரது தலைப்பாகையைக் கழற்றச் சொன்னார். காந்தி மறுத்து வெளியே வந்துவிட்டார். இந்தத் தலைப்பாகையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கதையில் மறுபடியும் வரப் போகிறது.

வந்த வழக்கு சமாதானமாக முடிந்தது. ஆனால், அங்கிருந்த நேட்டால் அரசு இந்தியர்களின் ஓட்டுரிமையைப் பறிக்க முயன்றது. இந்திய வியாபாரிகள் காந்தியைத் தங்கும்படி கேட்டுக்கொண்டார்கள். அவரும் தங்கினார். பொதுக் காரியத்துக்குப் பணம் வாங்க மட்டும் மறுத்துவிட்டார். அப்படியானால் சாப்பாட்டுக்கு என்ன வழி? சுமார் இருபது வியாபாரிகள் தங்கள் வழக்கு வேலைகளை அவரிடம் ஒப்படைத்து, ஓர் ஆண்டுக் கட்டணத்தை முன்னதாகவே கொடுத்தார்கள். வசதி உள்ளவர்கள் கொடுத்தது செலவுக்கு ஆயிற்று. அதனால், கொடுக்க ஒன்றும் இல்லாதவர்களுக்காகவும் அவரால் உழைக்க முடிந்தது.

1894-ல் அவர் வக்கீல் தொழில் தொடங்கிச் சில மாதங்களே ஆகியிருந்தன. ஒரு நாள், கிழிந்த உடையோடு ஒருவர் அழுதுகொண்டே உள்ளே வந்தார். முன்பற்கள் இரண்டு உடைந்து வாயில் ரத்தம் வழிந்தது. உடல் நடுங்கியது. அவர் பெயர் பாலசுந்தரம். தமிழர். காந்தியின் குமாஸ்தாவும் தமிழர். அவர் மூலமாக விவரம் தெரிந்தது. முதலாளி அடித்த அடி அது!

அடித்தால் வேலையை விட்டுப் போய்விடலாமே என்று நினைப்பீர்கள். அங்கேதான் சிக்கல். பாலசுந்தரம் ஓர் ஒப்பந்தக் கூலி. நேட்டாலின் கரும்புத் தோட்டங்களில் வேலை செய்ய 1860 முதல் இந்தியாவிலிருந்து கப்பல் கப்பலாக ஏழைகளைக் கொண்டுபோனார்கள். ஐந்து ஆண்டுகளுக்கு ஒப்பந்தம். சாதாரண வேலையாள் சொல்லாமல் நின்றுவிட்டால், முதலாளி நஷ்டஈடு கேட்டு சிவில் வழக்குப் போடலாம். அவ்வளவுதான். ஒப்பந்தக் கூலி நின்றாலோ அது குற்றம், சிறைத் தண்டனை! பல் உடைந்தவர் ஓடினாலும் சட்டம் அவரைத்தான் பிடிக்கும்.

இன்னொன்றையும் காந்தி கவனித்தார். பாலசுந்தரம் தன் தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். வெள்ளைக்காரர்கள் முன்னால் கூலிகள் அப்படித்தான் நிற்க வேண்டும். காந்தியிடமும் அந்தப் பயத்தோடே வந்திருந்தார். காந்தி முதலில் அதைத் தலையில் கட்டிக்கொள்ளச் சொன்னார். தயங்கித் தயங்கிக் கட்டிக்கொண்ட பாலசுந்தரத்தின் முகத்தில் மகிழ்ச்சி தெரிந்தது.

பிறகு வேலை மளமளவென்று நடந்தது. பாலசுந்தரத்தை டாக்டரிடம் அனுப்பி, காயத்துக்குச் சான்றிதழ் வாங்கினார். நேராக மாஜிஸ்திரேட்டிடம் அழைத்துச் சென்று, நடந்ததை எழுத்து மூலம் கொடுத்தார். மாஜிஸ்திரேட் கோபமடைந்து முதலாளிக்குச் சம்மன் அனுப்பினார்.

முதலாளிக்குத் தண்டனை வாங்கித் தருவது காந்தியின் நோக்கமல்ல. பாலசுந்தரம் அந்த வீட்டுக்குத் திரும்பிப் போகக் கூடாது. அதுதான் முக்கியம். சட்டத்தைப் புரட்டினார். வழி இருந்தது! ஒப்பந்தத்தை வேறொரு முதலாளிக்கு மாற்றலாம். முதலாளியை நேரில் பார்த்துப் பேசிச் சம்மதம் வாங்கினார். ஒப்பந்தக் கூலிகளின் பாதுகாப்பு அதிகாரியையும் பார்த்தார். புது முதலாளியைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்தால் சரி என்றார் அவர். இந்தியர்கள் ஒப்பந்தக் கூலிகளை வைத்துக்கொள்ள அனுமதியில்லை. காந்திக்கோ அங்கே வெள்ளைக்காரர்களில் மிகச் சிலரைத்தான் தெரியும். அவர்களில் ஒருவரிடம் போய்க் கேட்டார். அவர் இரக்கத்தோடு ஒப்புக்கொண்டார். அடித்த முதலாளி குற்றவாளி என்று மாஜிஸ்திரேட் தீர்ப்பளித்தார். பாலசுந்தரம் புது இடத்துக்குப் போனார்.

பம்பாயில் வாயடைத்து நின்றவர்தான் இவ்வளவும் செய்தார். தமக்காகப் பேச வராத தைரியம், அடிபட்ட ஒருவருக்காகத் தானாக வந்துவிட்டது, பார்த்தீர்களா?

கூலிகளுக்கும் ஒரு வக்கீல் இருக்கிறார் என்ற செய்தி தோட்டம் தோட்டமாகப் பரவியது. ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாத கூலிகள் மீது ஆண்டுக்கு 3 பவுண்டு தலைவரி போடப்பட்டது. அதை எதிர்த்து நடந்த போராட்டத்தில் தமிழர்கள் ஏராளமாகச் சிறை சென்றார்கள். 1914-ல் அந்த வரி ஒழிந்தது. அதே ஆண்டு காந்தி தென்னாப்பிரிக்காவை விட்டுப் புறப்பட்டார். பிறகு நம் நாட்டின் விடுதலைப் போரை நடத்தினார். 1948 ஜனவரி 30-ல் சுட்டுக் கொல்லப்பட்டார்.

குழந்தைகளே, இன்று ஒரு பாலசுந்தரம் உங்கள் தெருவில் இருந்தால் எங்கே போவார்? வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லாதவர்களுக்காக நம் நாட்டில் 1987-ல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. 1995 நவம்பர் 9 முதல் நடைமுறைக்கு வந்தது. பெண்கள், குழந்தைகள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், வருமானம் குறைந்தவர்கள் ஆகியோருக்கு இலவசமாக வக்கீல் கிடைப்பார். மாவட்ட நீதிமன்றத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுத்தால் போதும்.

இது தெரியாமல் கலங்கி நிற்பவர்கள் நிறையப் பேர். அப்படி ஒருவரைப் பார்த்தால், அப்பா அம்மாவிடம் சொல்லி அவருக்கு வழி காட்டுங்கள். முக்கியமாக, அவரை நிற்க வைத்துப் பேசாதீர்கள். முதலில் உட்காரச் சொல்லுங்கள்.