நிறைவான முதுமை: ஹஜ்ரத் அனஸ் (ரலி)

வயது ஏறிவிட்டால், இனி நம்மால் யாருக்கு என்ன பயன் என்று பெருமூச்சு விடும் பெரியவர்களை நாம் பல வீடுகளில் காண்கிறோம். அவர்களும் அவர்களுடைய மக்களும் அறிந்திருக்க வேண்டிய வாழ்க்கை ஹஜ்ரத் அனஸ் இப்னு மாலிக் (ரலி) அவர்களுடையது.

கி.பி. 622-ல் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மதீனா வந்தபோது அனஸ் (ரலி) அவர்களுக்கு வயது ஏறத்தாழ 10. நாயகத்துக்குப் பணிவிடை செய்யும் பேறு அவர்களுக்குக் கிடைத்தது. பத்தாண்டுகள் அந்தப் பணியில் இருந்தார்கள். ஒருமுறைகூடச் சீ என்ற சொல்லைக் கேட்டதில்லை. தாயார் உம்மு ஸுலைம் (ரலி) அவர்கள் வேண்டிக்கொண்டதற்கிணங்க, அனஸுக்குச் செல்வத்தையும் மக்களையும் பெருக்கி பரக்கத் செய்யும்படி நாயகம் (ஸல்) அவர்கள் துஆ செய்தார்கள்.

அந்த துஆ கபூலாயிற்று. பிற்காலத்தில் அவர்கள் பஸராவில் குடியேறினார்கள். அவர்களுடைய தோட்டம் ஆண்டுக்கு இருமுறை காய்த்தது. பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் பெருகினர்.

ஆனால் நாம் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஹிஜ்ரி 75-ல் ஹஜ்ஜாஜ் பஸராவுக்கு வருவதற்குள், அவர்களுடைய சந்ததியில் 120-க்கும் மேற்பட்டோர் அடக்கம் செய்யப்பட்டிருந்தனர். நீண்ட ஆயுள் என்றால் நீண்ட பிரிவுகளும் உண்டு. துஆ பெற்றவருக்கும் இந்தத் துயரம் விலகவில்லை. அப்படியிருந்தும் அவர்கள் மனம் ஒடிந்து மூலையில் முடங்கிவிடவில்லை.

அவர்களைத் தாங்கியவை எவை? ஒன்று, கல்வி. ஹஸன் பஸரி, இப்னு ஸீரீன், கதாதா, ஸாபித் அல்புனானீ போன்றவர்கள் அவர்களிடம் பாடம் கேட்டனர். அவர்கள் வழியே நமக்குக் கிடைத்த ஹதீஸ்கள் 2,286. இரண்டாவது, சிறுவர்களோடு உறவு. தெருவில் பிள்ளைகளைக் கண்டால், நாயகத்தின் வழக்கப்படி, முந்திக்கொண்டு ஸலாம் சொன்னார்கள். மூன்றாவது, குடும்பத்தோடு கூடிய அமல். குர்ஆனை ஓதி முடிக்கும்போது மனைவி மக்களை ஒன்றுகூட்டி துஆ செய்தார்கள்.

உடல் தளர்ந்து ரமலான் நோன்பு நோற்க இயலாமல் போனபோது அவர்கள் மனம் கலங்கி நிற்கவில்லை. நோன்பு ஒவ்வொன்றுக்கும் ஈடாக ஓர் ஏழைக்கு ரொட்டியும் இறைச்சியும் வயிறார அளித்தார்கள். நோற்க முடியாத முதியவருக்கு மார்க்கம் தந்த சலுகையைக் குறையாக எண்ணாமல், பசித்தவருக்கு விருந்தாக ஆக்கினார்கள். நோன்பு வைக்க முடியவில்லையே என்று கண் கலங்கும் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு இதில் எவ்வளவு ஆறுதல்!

நூறு வயதளவில், ஹிஜ்ரி 93-ஐ ஒட்டி, அவர்கள் வஃபாத்தானார்கள். பஸராவில் கடைசியாக மறைந்த ஸஹாபி அவர்களே. அவர்கள் விரும்பியபடி மாணவர் இப்னு ஸீரீன் அவர்களே ஜனாஸாவைக் குளிப்பாட்டினார்கள்.

நாமும் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு உணவும் மருந்தும் கொடுத்ததோடு கடமை தீர்ந்தது என்றிருக்கலாகாது. அவர்கள் அருகே அமர்ந்து கேட்போம். பேரப்பிள்ளைகளை அவர்களிடம் ஓத விடுவோம். குடும்ப துஆவுக்கு அவர்களையே முன்னிறுத்துவோம். அல்லாஹ் நமக்கும் நிறைவான முதுமையைத் தந்தருள்வானாக! ஆமீன்.