அகதிகளுக்கு வேலை தந்த மந்திரி ஆர்தர் கால்வெல்

நம் பாலோவைச் சுற்றியுள்ள தோட்டங்களுக்கு ஆள் வந்த கதையை நாம் அறிவோம். வறுமை துரத்த, கங்காணியின் பேச்சை நம்பிக் கப்பலேறியவர்களின் சந்ததியார் இன்றும் நம் கடைகளுக்கு வருகின்றனர். யுத்தத்தில் வீடிழந்தவர்களை ஒரு சர்க்காரே ஆள்சேர்த்துக் கொண்டுபோய்க் குடியேற்றிய சரித்திரமும் உண்டு. அதை நடத்தியவர் ஆஸ்திரேலியாவின் முதல் குடியேற்ற மந்திரி ஆர்தர் கால்வெல்.

அவர் 1896இல் மெல்போர்ன் நகரில் ஒரு போலீஸ்காரரின் மகனாகப் பிறந்தார். சர்க்கார் குமாஸ்தாவாக இருந்து, தொழிற்கட்சியில் உழைத்து, 1940இல் பார்லிமெண்டு அங்கத்தினரானார். 1942இல் ஜப்பானிய விமானங்கள் டார்வின் நகரில் குண்டு வீசின. சுமார் 70 லட்சம் பேரே வாழ்ந்த அப்பெரிய தேசத்தைக் காப்பது எப்படி என்ற கவலை பிறந்தது. 1945இல் மந்திரியான கால்வெல், ஜனத்தொகையைப் பெருக்கத் துணிந்தார்.

அச்சமயம் ஐரோப்பாவில் லட்சக்கணக்கானோர் ஊர் திரும்ப வழியின்றி முகாம்களில் கிடந்தனர். 1947 ஜூலையில் சர்வதேச அகதிகள் ஸ்தாபனத்துடன் அவர் ஒப்பந்தம் செய்தார். நவம்பரில் முதற்கப்பல் 800க்கு மேற்பட்டோருடன் வந்து சேர்ந்தது. சர்க்கார் காட்டும் இடத்தில், காட்டும் வேலையை இரண்டு வருஷம் செய்யவேண்டும் என்பது நிபந்தனை. படித்த டாக்டர்களும் கூலி வேலை செய்தனர். கணவன் ஓரிடம், மனைவி ஓரிடம் என்று பிரிந்தோரும் உண்டு. ஆயினும் கூலி உள்ளூர்த் தொழிலாளிக்குச் சமம். தவணை முடிந்தால் விரும்பிய வேலை, பின்னர் பிரஜாவுரிமை. இவ்வாறு சுமார் 1,70,000 பேர் வாழ்வு பெற்றனர்.

நிற்க. யுத்தகாலத்தில் அங்கே ஒதுங்கி, கப்பல்களில் உழைத்து, அந்நாட்டுப் பெண்களை மணந்து வாழ்ந்த மலாய் மாலுமிகளை வெளியேறும்படி உத்தரவிட்டவரும் இதே கால்வெல்தான். அவர்கள் வெள்ளையர் அல்லர் என்பதே காரணம். மலாயாவிலும் சிங்கப்பூரிலும் கண்டனம் எழுந்தது. இந்தோனேசிய அகதியான திருமதி ஓகீஃப் என்பாரையும் அவர் வெளியேற்ற முயன்றபோது, 1949இல் ஹைகோர்ட்டு தடுத்தது. அவ்வருஷக் கடைசியில் அவர் கட்சி தோற்றது. புதிய சர்க்கார் அவ்வம்மையாரைத் தங்கவிட்டது.

கால்வெல் 1973இல் காலமானார். அவர் கடைசிவரை ஆதரித்த வெள்ளையர் கொள்கையும் அதே வருஷத்தில் ஒழிந்தது.

வணிகப் பெருமக்களே! நாமும் கடைக்கு ஆள் எடுக்கிறோம். தவணையைச் சொல்லி, சமகூலி தந்து, காலம் முடிந்ததும் விடுவித்த அவரது முறை நமக்குப் பாடம். ஆனால் வாங்க ஒரு எடைக்கல், விற்க ஒரு எடைக்கல் வைத்த வியாபாரியை ஊர் என்ன சொல்லும் என்பதையும் நாம் அறிவோம்.