கண் இழந்த கவிச்சிங்கம்

பழனியில் ஒரு ஆசாரி குடும்பம். குடும்பத் தலைவர் பெயர் முத்தையா ஆசாரி. 1836-ம் ஆண்டில் அவருக்கு ஒரு ஆண் குழந்தை பிறந்தது.

குழந்தைக்கு 3 வயது ஆனபோது பெரியம்மை கண்டது. உயிர் பிழைத்தது. கண் பிழைக்கவில்லை. இரண்டு கண்களிலும் பார்வை போய்விட்டது.

அந்தக் காலத்தில் இது அபூர்வமான செய்தி அல்ல. பெரியம்மை வந்தால் பலர் இறந்து போவார்கள். பிழைத்தவர்களில் சிலருக்குக் கண் போகும். அம்மை குத்தும் முறை 1802-ம் ஆண்டிலேயே இந்தியாவுக்கு வந்துவிட்டது. ஆனால் அது ஊர் ஊராகப் போய்ச் சேர நெடுங்காலம் ஆயிற்று. இந்த நாட்டில் பெரியம்மை கடைசியாகக் காணப்பட்டது 1975-ம் ஆண்டில்தான்.

தகப்பனார் கவலை

ஆசாரி தொழில் கண்ணை நம்பிய தொழில். பொன் வேலை ஆனாலும், மர வேலை ஆனாலும், இரும்பு வேலை ஆனாலும் கண் வேண்டும். பார்வை இல்லாத பையனிடம் உளியையும் சுத்தியையும் கொடுத்து என்ன பயன்?

அப்படிப்பட்ட பிள்ளைகளை வீட்டிலேயே உட்கார வைத்துச் சோறு போடுவார்கள். அதற்கும் வழி இல்லாத வீட்டுப் பிள்ளை கோவில் வாசலுக்குப் போய்விடும். பழனி யாத்திரைக்காரர்கள் வரும் ஊர். அங்கே கை நீட்டினால் காசு விழும்.

கண் தெரியாதவர்களுக்கு என்று ஒரு பள்ளிக்கூடம் அன்று இந்தியாவில் எங்கும் இல்லை. பிரெஞ்சு நாட்டில் லூயி பிரெயில் என்பவர் தடவிப் படிக்கும் புள்ளி எழுத்தை உண்டாக்கி, 1829-ல் வெளியிட்டு இருந்தார். அவரும் 3 வயதில் தகப்பனாரின் தோல் பட்டறையில் விளையாடும்போது கண்ணில் ஊசி பட்டுப் பார்வை இழந்தவர்தான். பழனிக்கு அந்தச் செய்தி எட்டவில்லை. எட்டி இருந்தாலும் அது தமிழ் எழுத்து அல்ல.

முத்தையா ஆசாரி மகனை மூலையில் உட்கார வைக்கவில்லை. படிக்க வைத்தார். மாரிமுத்துக் கவிராயர் என்ற தமிழ்ப் புலவர் பையனுக்கு ஆசிரியராகக் கிடைத்தார்.

காதால் படித்த படிப்பு

பார்வை இல்லாத பையன் எப்படிப் படித்தான் என்று வாசகர்களுக்குத் தோன்றலாம். அன்றைய தமிழ்ப் படிப்பு பெரும்பாலும் காதால் படிக்கும் படிப்பு. அச்சுப் புத்தகம் அருமை. பனை ஓலை ஏடு ஆசிரியரிடம் மட்டும் இருக்கும். அவர் ஒரு பாட்டைச் சொல்வார். மாணவன் திருப்பிச் சொல்வான். நிகண்டு, அந்தாதி, இலக்கணச் சூத்திரம் எல்லாம் இப்படியே மனப்பாடம் ஆகும். நிகண்டு என்பது பாட்டாக எழுதிய அகராதி. அதை முழுதும் நெட்டுருப் போட்டவன், சொல்லுக்குப் பொருள் தேடி ஏட்டைப் புரட்ட வேண்டியது இல்லை.

பாட்டின் அமைப்பும் உதவி செய்யும். எதுகை ஒரு வரியின் தொடக்கத்தைப் பிடித்துக் கொடுக்கும். மோனை அடுத்த சொல்லை இழுத்து வரும். அந்தாதியில் ஒரு பாட்டு முடியும் சொல்லில் அடுத்த பாட்டு தொடங்கும். இவை எல்லாம் காதுக்குக் கட்டிய கயிறுகள். அதைப் பிடித்துக்கொண்டு பையன் நடந்தான்.

இவருக்கு முன்பே ஒருவர் இந்த வழியில் போயிருக்கிறார். அந்தகக் கவி வீரராகவ முதலியார் பார்வை இல்லாத பெரும் புலவர். அவர் தம் முதுகில் எழுத்துக்களை எழுதச் செய்து, அந்தத் தடத்தை உணர்ந்தே எழுத்து வடிவம் கற்றார் என்று சொல்வார்கள்.

பழனிப் பையனுக்கு நினைவாற்றல் மிக அதிகம். ஒரு முறை கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்வார். சிலேடை, யமகம், திரிபு முதலிய கடினமான பாட்டு வகைகளும் அவர் வாயில் தடை இல்லாமல் வந்தன. அவர் சொல்லச் சொல்ல, கண் உள்ளவர்கள் எழுதினார்கள். மாம்பழக் கவி என்ற பெயர் வெளியூர்களிலும் பரவியது.

சேதுச் சீமையில்

அந்த நாளில் புலவருக்குப் பிழைப்பு ஜமீன்களிலும் சமஸ்தானங்களிலும்தான். தமிழுக்கு வாரிக் கொடுத்த இடங்களில் ஒன்று ராமநாதபுரம். ராமேஸ்வரம் யாத்திரைக்காரர்களுக்குக் காவலாக இருந்த சேதுபதிகளின் ஊர் அது. அப்போது முத்துராமலிங்க சேதுபதி பட்டத்தில் இருந்தார். அவருடைய அண்ணன் பொன்னுசாமித் தேவர் நிர்வாகத்தைக் கவனித்து வந்தார். தேவர் தாமே தமிழ் அறிந்தவர். ஆறுமுக நாவலர் பழைய நூல்களை அச்சிடப் பொருள் உதவி செய்தவர்.

பழனியில் இருந்து ராமநாதபுரம் மதுரை வழியாக 200 கிலோ மீட்டருக்கு மேல். ரெயில் கிடையாது. மதுரைக்கே ரெயில் வந்தது 1875-ல். மாட்டு வண்டியை விட்டால் நடைதான். பார்வை இல்லாதவர் அந்த வழியை நம்பிக் கிளம்பியது சின்னக் காரியம் அல்ல.

அரண்மனையில் ராமலிங்க விலாசம் என்ற மண்டபம் உண்டு. சுவர் எங்கும் ஓவியங்கள். மற்றப் புலவர்கள் அவற்றைப் பார்த்து வியப்பார்கள். இவருக்கு அந்தச் சுவர் வெறும் சுவர்தான். ஆனால் சபையில் அவருக்கு இணை யாரும் இல்லை என்ற நிலை விரைவில் வந்தது.

சபைப் புலவர்களைச் சோதிப்பது அன்றைய வழக்கம். பாட்டின் கடைசிச் சொல்லை மட்டும் கொடுத்து, மற்றதை உடனே பாடச் சொல்வார்கள். ஏடும் எழுத்தாணியும் வைத்துக்கொண்டு அடித்து அடித்துத் திருத்துகிற புலவருக்கு இது கஷ்டம். மாம்பழக் கவிக்கு எல்லாப் பாட்டும் மனத்தில் கட்டிய பாட்டுத்தானே! கேட்டவுடன் பாடினார்.

பொன்னுசாமித் தேவர் அவரை மிகவும் மதித்தார். சேது சமஸ்தானத்தில் அவருக்குக் கவிச்சிங்கம் என்ற பட்டம் கிடைத்தது. கண் இல்லையே என்ற இரக்கத்துக்குக் கொடுத்த பட்டம் அல்ல அது. கண் உள்ள புலவர்களோடு ஒரே சபையில் உட்கார்ந்து பாடி வாங்கியது.

ஆதரவு போனது

பொன்னுசாமித் தேவர் 1870-ல் இளம் வயதிலேயே இறந்தார். 3 ஆண்டு கழித்து முத்துராமலிங்க சேதுபதியும் காலமானார். பட்டத்துக்கு உரிய பாஸ்கர சேதுபதி அப்போது சிறு குழந்தை. சமஸ்தானம் ஆங்கில அரசாங்கத்தின் பொறுப்புக்குப் போயிற்று. தேவரின் மகன் பாண்டித்துரையும் குழந்தைதான். அவர் வளர்ந்து மதுரைத் தமிழ்ச் சங்கம் வைத்தது 1901-ல்.

மாம்பழக் கவி அதுவரை இருக்கவில்லை. பழனி முருகன் மேல் பல பாட்டுகள் பாடிவிட்டு, 1884-ல் மறைந்தார். வயது 48.

பார்வை இல்லாதவர்களுக்கான இந்தியாவின் முதல் பள்ளிக்கூடம் 1887-ல் அமிர்தசரஸ் நகரில் தொடங்கியது. தமிழ்நாட்டில் பாளையங்கோட்டைப் பள்ளி 1890-ல் வந்தது.