ஷார்லட் பிரான்டே அம்மையார்

எழுத வேண்டுமென்னும் அவா நம்மிற் பலர்க்கு உண்டு. எடுத்த முயற்சி பயனின்றிப் போமோ என்னும் அச்சமும் உடனுண்டு. அத்தகையார்க்கு ஷார்லட் பிரான்டே அம்மையாரின் சரித்திரம் நற்றுணையாகும்.

இவ்வம்மையார் 1816-ஆம் ஆண்டில் இங்கிலாந்து தேசத்து யார்க்ஷயர்ப் பகுதியிற் பிறந்தார். தந்தையார் ஹாவொர்த் என்னும் சிற்றூரின் குருவானவர். ஐந்து வயதில் தாயை இழந்த இவர், தம்பி தங்கையரோடு கூடி, உள்ளங்கையில் அடங்கும் சிறு சுவடிகளிற் கதையெழுதிப் பழகினார். பின்னர்த் தம் செய்யுட்களை அரசவைக் கவிஞராகிய ராபர்ட் ஸௌதிக்கு அனுப்ப, அவரோ 1837-இல், இலக்கியம் பெண்டிர்க்குரிய தொழிலன்று என விடையிறுத்தார்.

1846-இல் சகோதரியர் மூவரும் புனைபெயர் பூண்டு, தம் செலவிலேயே ஒரு கவிதைநூல் வெளியிட்டனர். ஓராண்டில் விலைபோனவை இரண்டே பிரதிகள்! அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்தில், தந்தையாரின் கண் சிகிச்சைக்காக அம்மையார் மான்செஸ்டர் நகரிற் தங்கியிருந்தார். சத்திர சிகிச்சை நடந்த அன்றே, அவர் அச்சிற்கு அனுப்பிய முதல் நாவல் மறுபடியும் மறுக்கப்பட்டுத் திரும்பி வந்தது. அம்மையார் மனம் ஒடிந்திலர். இருட்டறையிற் கிடந்த தந்தையாரைப் பேணிக்கொண்டே, 'ஜேன் ஐர்' என்னும் புதிய நாவலைத் தொடங்கினார்.

1847-இல் வெளிவந்த அந்நூல் பெரும்புகழ் ஈட்டிற்று. மறுக்கப்பட்ட 'புரொபஸர்' என்னும் முதல் நாவலோ, 1855-இல் அவர் காலமாகி ஈராண்டு கழிந்த பின்னரே அச்சேறிற்று.

முதல் நூல் ஏற்கப்படுமளவும் காத்திருப்பேன் என அவர் கருதியிருப்பின், 'ஜேன் ஐர்' பிறந்தே இராது. ஆதலின் நாமும் இன்றே எழுதத் தொடங்குவோமாக. எழுதியது திரும்பி வரினும், சோர்வுறாது அடுத்த தாளை எடுப்போமாக.