விழிக்கு ஒளி தந்த விளாதிமிர் ஃபிலாத்தோவ்

கண்ணின் முன்புறத்தில் கண்ணாடி போல் ஒளியை உள்ளே விடும் மெல்லிய படலமே கருவிழிப்படலம். அதன் நடுப்பகுதியின் தடிமன் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் மட்டுமே. புண்ணாலோ காயத்தாலோ அங்குத் தழும்பு உண்டாகிப் பூ விழுந்துவிட்டால், பார்வை நரம்பு நலமாக இருந்தும் மனிதர் இருளில் வாழ நேரிடும். அவ்விருளை நீக்குவதையே வாழ்நாள் பணியாகக் கொண்டவர் கண் மருத்துவர் விளாதிமிர் ஃபிலாத்தோவ்.

உருசியாவின் பென்சா மாநிலத்தைச் சேர்ந்த மிகைலோவ்கா என்னும் சிற்றூரில் 1875ஆம் ஆண்டு அவர் பிறந்தார். அவருடைய தந்தையும் மருத்துவரே. மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் 1897இல் மருத்துவப் பட்டம் பெற்ற ஃபிலாத்தோவ், 1903இல் கருங்கடல் துறைமுக நகரான ஒடெசாவிற்குச் சென்றார். 1911இல் அங்குள்ள பல்கலைக்கழகத்தின் கண் மருத்துவப் பிரிவுக்குத் தலைவரானார்.

கருவிழிப்படலத்தை மாற்றிப் பொருத்த இயலும் என்பதை 1905இல் எட்வர்ட் சிர்ம் என்னும் மருத்துவர் மெய்ப்பித்திருந்தார். ஃபிலாத்தோவ் 1912இல் அம்முயற்சியில் இறங்கினார். ஆனால், அவர் பொருத்திய படலம் தெளிவை இழந்து மங்கியது. அவர் மனம் தளரவில்லை. எனினும், மற்றொரு தடையும் எதிரே நின்றது. நோயின் காரணமாக அகற்றப்படும் உயிருள்ளோரின் கண்களிலிருந்தே அக்காலத்தில் படலம் பெறப்பட்டது. அத்தகைய கண்கள் மிக அரிதாகவே கிடைத்தன. பார்வைக்காகக் காத்திருந்தோரோ பல்லாயிரவர்.

இறந்தோரின் கண்களை நாடுவதே இதற்குத் தீர்வு என அவர் கண்டார். அக்கண்களை 2 முதல் 4 பாகை செல்சியசு குளிரில் பாதுகாத்தால் படலம் பயன்படும் நிலையில் இருக்கும் என்பதை ஆய்ந்தறிந்தார். 1931 முதல் அவ்வாறு பெற்ற படலங்களைப் பொருத்தி, பலருக்குப் பார்வையை மீட்டுத் தந்தார். இன்றைய கண்கொடைக்கு உறுதியான அடித்தளம் இட்டது இப்பணியே.

பொருத்திய படலம் பின்னர் மங்குவது தொடர்ந்து அவரை வருத்தியது. மங்கிய ஒட்டின் அருகே தழும்பின் மேலடுக்கை மட்டும் நீக்கி, குளிரில் காத்த படலத்தின் மெல்லிய அடுக்கு ஒன்றை அவர் அங்கே பொருத்தினார். அதன்பின் பழைய ஒட்டில் தெளிவு கூடியதைக் கண்டார். இதிலிருந்து திசு மருத்துவம் என்னும் கொள்கையை வகுத்தார். அக்கொள்கையை இன்றைய மருத்துவம் ஏற்கவில்லை. ஆயினும், அடுக்கடுக்காகப் பொருத்தும் முறை வெவ்வேறு நாட்டு மருத்துவர்களின் உழைப்பால் வளர்ந்தது.

கருவிழிப்படலத்தின் உட்புறச் செல்கள் நீரை இடைவிடாது வெளியேற்றி அதனைத் தெளிவாக வைத்திருக்கின்றன. அவை நலமாக இருந்தால், பழுதுற்ற முன்னடுக்குகளை மட்டும் இன்று மாற்றுகின்றனர். நோயாளியின் சொந்த உட்செல்கள் காக்கப்படுவதால், உடல் ஒட்டை ஏற்க மறுக்கும் இடர் குறைகிறது. ஆனாலும், பார்வை ஒரே நாளில் தெளிந்துவிடுவதில்லை. தையல்களால் படலத்தின் வளைவு மாறிக் காட்சி கோணலாகலாம். இரு அடுக்குகள் சேரும் இடத்தில் மெல்லிய மங்கல் தோன்றலாம். பல மாதங்கள் பொறுமையோடு கண்காணித்த பின்னரே பார்வை நிலைபெறும்.

ஃபிலாத்தோவின் முயற்சியால் 1936இல் ஒடெசாவில் கண் மருத்துவ ஆய்வு நிறுவனம் உருவாயிற்று. இரண்டாம் உலகப்போர் அவரை ஊர்விட்டு ஊர் பெயரச் செய்தது. தாஷ்கண்டிலும் பணியைத் தொடர்ந்த அவர், 1944இல் ஒடெசா திரும்பி நிறுவனத்தை மீண்டும் கட்டியெழுப்பினார். ஓய்வு நேரத்தில் ஓவியம் தீட்டினார், கவிதையும் எழுதினார்.

1956இல் தம் 81ஆம் அகவையில் அவர் மறைந்தார். அந்நிறுவனம் இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. மண்ணோடு மறைந்துபோகும் கண்கள் மற்றொருவரின் முகத்தில் மீண்டும் உலகைக் காணலாம் என்பதைச் செயலால் உணர்த்திய வாழ்வு அவருடையது.