லீ ஹுங் சாங்

சீனதேசத்து அன்ஹுவெய் மாகாணத்தில் 1823-இல் தோன்றிய லீ ஹுங் சாங் என்பார், கற்றுத் தேறிப் படைத்தலைவராய் உயர்ந்தவர். வடகடற் கப்பற்படையைக் கட்டியவர் இவரே. ஆயின் கடற்படைப் பொருளில் ஒரு பகுதி அரசன்னையின் வேனில் மாளிகைக்குச் சென்றது. கொரியா பற்றி 1894-இல் ஜப்பானோடு மூண்ட போரை நம்மவருட் பலர் அறியார். அதில் அப்படை யாலூ ஆற்றுமுகத்திற் சிதைந்தது. அரசவை இவர்மேற் பழிசுமத்தி மயிற்பீலி முதலிய வரிசைகளைப் பறித்தது. தோல்வி முற்றியபின், பறித்தவற்றைத் திருப்பித் தந்து, எழுபது கடந்த இவரையே சமாதானம் பேச ஷிமொனொசெகிக்கு அனுப்பிற்று!

ஆங்கு 1895 மார்ச்சு 24-இல் ஜப்பானிய இளைஞனொருவன் இவர் முகத்திற் சுட்டான். நாணிய ஜப்பான் போர்நிறுத்தத்திற்கு இசைந்தது. படைகள் பெறாததை இக்கிழவர் கன்னத்துக் குருதி பெற்றது என்போம் நாம். முப்பது கோடி தேல் வெள்ளி கேட்டது இருபது கோடியாயிற்று; தைவான் தீவோ போயிற்று. நாட்டை விற்றவரெனத் தம்மவரே தூற்ற, 1901 நவம்பரில் உயிர் நீத்தார்.