தமிழில் மேலைத்தேய வைத்தியம் கற்பித்த டாக்டர் கிறீன்

ஓர் ஊரின் பழம்பெருமையை அறிய விரும்புவோர் கோயில், குளம், மடம் என்பவற்றோடு அங்கு பணி செய்தோரின் நினைவுச் சின்னங்களையும் நோக்குதல் வேண்டும். மானிப்பாயிலுள்ள கிறீன் ஞாபகார்த்த வைத்தியசாலை அத்தகையதொரு சின்னமாகும்.

சாமுவேல் பிஸ்க் கிறீன் 1822 ஒக்டோபர் 10 ஆந் திகதி அமெரிக்காவின் வூஸ்டர் நகரிற் பிறந்தார். நியூயோர்க்கில் மருத்துவம் கற்று, அமெரிக்க மிசன் வைத்தியராக 1847 இல் யாழ்ப்பாணம் வந்தார். முதலில் வட்டுக்கோட்டையிலும் மறுவருடம் முதல் மானிப்பாயிலும் பணியாற்றினார். 1857 இல் தாயகம் சென்றவர் 1862 இல் மீண்டும் வந்து 1873 வரை இங்கு வாழ்ந்தார்.

நோய் தீர்ப்பதோடு அவர் அமைந்துவிடவில்லை. இம்மண்ணின் பிள்ளைகளே வைத்தியராதல் வேண்டுமென எண்ணி அறுபதுக்கும் மேற்பட்டோரைப் பயிற்றினார். ஆங்கிலத்திற் கற்றவர்கள் அரசாங்க உத்தியோகம் தேடி வெளியிடங்களுக்குச் சென்றனர். கிராமங்களோ வைத்தியரின்றித் தவித்தன. இதைக் கண்ட அன்னார் 1860 களில் போதனையைத் தமிழுக்கு மாற்றினார்.

அதற்கு நூல்கள் வேண்டுமே! தாமே தமிழ் கற்று, மாணவர் துணையுடன் கலைச்சொற்களைத் திரட்டி மொழிபெயர்த்தார். 1867 இல் சத்திரசிகிச்சை பற்றிய இரண வைத்தியம், 1872 இல் உடலமைப்பு பற்றிய மனுஷ அங்காதிபாதம், 1875 இல் இரசாயனம் பற்றிய கெமிஸ்தம், 1883 இல் உடற்றொழில் பற்றிய மனுஷ சுகரணம் என்பன வெளிவந்தன. தாயகம் திரும்பிய பின்னரும் இறுதிவரை இப்பணியை அவர் கைவிடவில்லை.

மதம் பரப்ப வந்த மிசனைச் சேர்ந்தவர் அவர் என்பதை நாம் மறப்பதற்கில்லை. ஆயினும் தம் மாணவர் நடையுடை பாவனையில் மேல்நாட்டாராக மாறுவதை அவர் விரும்பவில்லை என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது.

1884 மே 28 ஆந் திகதி வூஸ்டரிற் காலமானார். தமிழருக்கு மருத்துவ ஊழியம் செய்தவர் என்ற செய்தியே, அவர் விருப்பப்படி, அங்குள்ள கல்லறையிற் பொறிக்கப்பட்டது. எத்தனையோ பெருமைகளைக் கூறியிருக்கலாம். எம்மினத்தின் பெயரையே அவர் தெரிந்தெடுத்தார்.

கல்லறை கடல் கடந்து கிடக்கிறது. இங்கு எஞ்சியவை வைத்தியசாலையின் பெயரும் அந்நூல்களுமே. பழைய பெட்டகங்களில் அவற்றின் பிரதியொன்றேனும் வைத்திருப்போர், செல்லரிக்க விடாது நூலகங்களிற் சேர்ப்பித்தல் வேண்டும். அதுவே அன்னாருக்கு நாம் செலுத்தும் நன்றிக்கடனாகும்.